செந்தேளும் செல்லின் வாயிலும்

(பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)

ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்றாம் நாள் மாலை. விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் அக்காவின் எட்டு வயது மகள், வெந்நீர் அடுப்புக்குத் தேங்காய் மட்டை எடுக்கப் பின்புறம் போனாள். மறு நிமிடம் அவள் போட்ட அலறலில், படிப்பு நேரத்தில் அமர்ந்திருந்த நாங்கள் அனைவரும் எழுந்து ஓடினோம். வலது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். மட்டைக் குவியலின் ஓரத்தில், வாலைத் தூக்கியபடி ஒரு தேள் நின்றது. சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும், செம்மண் நிறம்.

அடுத்த அரை மணி நேரத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னோம். "வெங்காயத்தை நறுக்கித் தேயுங்க" என்றார் ஒருவர். "மணிக்கட்டுல கயிறு கட்டுங்க" என்றார் இன்னொருவர். மந்திரிப்பவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்று ஆள் அனுப்பவும் ஏற்பாடாயிற்று. அதற்குள் சிறுமி வாந்தி எடுத்தாள். சட்டை நனைந்து ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. கையைத் தொட்டால் ஐஸ் போலச் சில்லென்றிருந்தது. விடுதித் தலைவியான சிஸ்டர் வந்து பார்த்தார். "பேசிக்கிட்டு நிக்காதீங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்ற ஒரே வார்த்தைதான். எங்களில் இருவர் குடையுடன் கூடவே போனோம். அடிபட்டுச் செத்த தேளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டோம்.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் அம்மா பாட்டிலை ஒரு முறை பார்த்தார். கடிபட்ட விரலை அவர் அதிகம் பார்க்கவே இல்லை. நேராகச் சிறுமியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு ஒரு சிறு மாத்திரை கொடுத்தார். "சிஸ்டர், இவளை எழுந்து உட்கார வைக்காதீங்க. பாத்ரூமுக்குக்கூட நடக்க விடாதீங்க. கால் சூடாச்சுன்னா உடனே சொல்லுங்க" என்றார். மூன்று மணிக்கு ஒரு முறை மாத்திரை. சிஸ்டர் கட்டில் விளிம்பில் அமர்ந்து, அந்தச் சிறு பாதங்களை இரு கைகளிலும் பிடித்தபடியே இரவைக் கழித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு, "சூடு வந்துடுச்சு" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது.

காலையில் டாக்டரிடம் கேட்டோம்: "கொட்டினது விரல்ல. ஏன் டாக்டர் காலைப் பாத்தீங்க?" அவர் சிரித்தார். "உங்க புத்தகத்துல பொட்டாசியம் கால்வாய்னு எங்கேயாவது ஒரு வரி வருமே, அதைப் படிங்க. பாதி பதில் அங்க இருக்கு" என்றார். ஒரு வரியைத் தேடிப் போன நாங்கள் பல மாதம் அதிலேயே நின்றுவிட்டோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் தடிப்பு. கொழுப்பால் ஆனது. எண்ணெயில் உப்புக் கரையாது என்பது சமையற்கட்டில் நிற்கும் யாருக்கும் தெரியும். அதுபோலவே உப்பின் அயனிகள் இந்தச் சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. செல்லின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேல் உள்ளே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததன்று. சவ்வில் பதிந்த ஒரு புரதப் பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-இல் டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் இதைக் கண்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிச் சேர்த்து வைத்த பொட்டாசியம் வெளியேற ஒரு வழி இருக்கிறது. சவ்வைத் துளைத்து நிற்கும் புரதக் குழாய் அது. பொட்டாசியம் கால்வாய் என்பது அதன் பெயர். அதன் வழியே கொஞ்சம் நேர்மின் கொண்ட பொட்டாசியம் வெளியே கசிவதால், ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின்னாகிவிடுகிறது. அளவு சுமார் 70 மில்லிவோல்ட். டார்ச் செல்லில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குதானே என்று நாங்களும் முதலில் அலட்சியமாக நினைத்தோம். ஆனால் சவ்வு எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒரு மீட்டர் தடிப்புக்கு என்று பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது! தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு நாம் ஏறிப் போகும் மின்சார ரயிலின் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அடுத்த தண்டவாளத்தைப் பார்க்கவே பயப்படும் நாம், உடல் முழுதும் இத்தனை மின்னழுத்தத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறோம்.

நரம்பில் செய்தி ஓடுவது எப்படி? முதலில் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் நேர்மின் ஆகிறது. உடனே பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, பொட்டாசியம் வெளியே பாய்ந்து, பழைய நிலையை மீட்கின்றன. எல்லாம் ஓரிரு மில்லிவினாடியில் முடிந்துவிடும். ஆகவே சோடியம் மணியை அடிக்கிறது என்றால், மணியின் நாக்கைப் பிடித்து ஒலியை நிறுத்துவது பொட்டாசியம். நிறுத்த ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று இரவு கட்டிலில் பார்த்தோம். அதற்குப் பிறகு வருவோம்.

இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பில் இதையெல்லாம் அளந்து 1952-இல் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் காலத்தில் கால்வாய் எப்படி இருக்கும் என்று கண்டவர் யாருமில்லை. இருந்தாலும் அவர்களுடைய சமன்பாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. பொட்டாசியம் செல்லும் வேகத்தைக் கணக்கிட ஓர் எண்ணை நான்கு முறை பெருக்கவேண்டியிருந்தது. நான்கு உறுப்புகள் ஒருங்கே அசைந்தால்தான் கதவு திறக்கும் என்பது போல! அந்த 'நான்கு' வெறும் கணக்கா, உண்மையா என்பது பிறகு தெரியவந்தது. தெரியவைத்தது ஒரு தேள்.

பெற்றோரும் சிஸ்டர்களும் பொறுத்துக்கொண்டு படிப்பார்களாக, இங்கே இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் போகவேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்களை மிகவும் குழப்பிய கேள்வி இதுதான்: சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. பெரியது நுழையும் துளையில் சிறியது ஏன் நுழையக்கூடாது? ஆனால் நல்ல பொட்டாசியம் கால்வாய், பத்தாயிரம் பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் என்ற அளவில்தான் தவறுகிறது. அதே சமயம் ஒரு வினாடியில் கோடிக்கணக்கான பொட்டாசியத்தை அனுப்பிவைக்கிறது. இவ்வளவு கண்டிப்பும் இவ்வளவு வேகமும் ஒரே வாயிலில் எப்படிச் சேர்ந்தன?

விடை மழைக்கோட்டில் இருக்கிறது. நீரில் இருக்கும் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. கால்வாயின் குறுகிய பகுதி வழியே போகவேண்டுமானால் அந்தக் கோட்டைக் கழற்றியாக வேண்டும். அடைமழையில் நனைந்து பள்ளிக்கு வந்தவளிடம் "கோட்டைக் கழற்று" என்றால் குளிரில் கழற்றுவாளா? உள்ளே அவள் அளவுக்குத் தைத்த கம்பளிச் சட்டை தயாராக இருந்தால் கழற்றுவாள். கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளையங்களின் அளவு பொட்டாசியத்துக்கு அளவெடுத்தது. நீர்ப்போர்வையைக் கழற்றினாலும் எல்லாப் பக்கமும் ஆக்சிஜன் அணைத்துக்கொள்வதால் பொட்டாசியத்துக்கு நட்டமில்லை. சோடியம் சிறியது, அந்தச் சட்டை அதற்குத் தொளதொளவென்று இருக்கும். ஆகவே அது தன் மழைக்கோட்டுடன் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சிறியதாக இருப்பதே அதற்குத் தடை!

வேகத்துக்கும் காரணம் உண்டு. வடிகட்டியில் ஒரே சமயத்தில் பொதுவாக இரண்டு பொட்டாசியம், நடுவில் நீர் மூலக்கூறு விட்டு, வரிசையாக நிற்கின்றன. இரண்டும் நேர்மின் ஆதலால் ஒன்றையொன்று தள்ளும். பின்னால் மூன்றாவது ஒன்று வந்து நெருக்கினால் முன்னால் நிற்பது வெளியே விழும். தாம்பரம் ஸ்டேஷனில் காலை எட்டரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வடிவத்தை முதன்முதலில் கண்ணுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் ராடரிக் மெக்கின்னன், ஆண்டு 1998. மருத்துவராகப் பயின்று, பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்பியவர். அவர் எடுத்துக்கொண்ட கால்வாய் மனிதனுடையது அன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரியினுடையது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளை உண்டாக்குவது இந்த இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரிகளே. கால்வாயின் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் செலுத்திப் பார்த்தபோது, ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் ஒரு துளையைச் சுற்றி நிற்பது தெரிந்தது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய முடியாது என்பதை ஒரே படத்தில் காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தபோது, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அதை வெளியிட்டார். உலகில் எங்கே எந்தப் புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று 'இராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் நம் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரம். எங்களில் பாதிப் பேருக்கு இது இந்த ஆண்டுதான் தெரியும்.

இனி கதவு. வடிகட்டி வெளிப்பக்கம் இருக்க, கதவு உட்பக்கம் இருக்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு துண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு புரதச் சுருள் கீழே இறங்கி, நுனியில் ஒன்றையொன்று நெருங்கி வாயை அடைத்திருக்கிறது. சுருக்குக் கயிறு தளர்ந்தால் வாய் விரிகிறது, இழுபட்டால் மூடுகிறது. கயிற்றைத் தளர்த்துவது எது என்பது கால்வாய்க்குக் கால்வாய் வேறுபடும். மெக்கின்னனின் மண் நுண்ணுயிரியில் அமிலம் கூடினால் திறக்கும். சிலவற்றில் கால்சியம் வந்து ஒட்டினால் திறக்கும். நரம்பில் இருப்பவற்றில் மின்னழுத்தமே சாவி. அங்கே ஒவ்வொரு துண்டிலும் நேர்மின் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாகப் பதிந்த ஒரு சுருள் உண்டு. செல்லின் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்போது அது உள்ளே இழுபட்டுக் கதவை அடைத்து நிற்கும். சோடியம் பாய்ந்து உட்புறம் நேர்மின் ஆனதும் அது வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். நான்கும் நகர்ந்தால் கதவு திறக்கும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் தாளில் கண்ட நான்கு இதுதான். பொட்டாசியம் வெளியேறி உட்புறம் மறுபடி எதிர்மின் ஆனவுடன் சுருள்கள் உள்ளே வர, கதவு மூடிக்கொள்ளும். அனுப்பிவைத்த பொட்டாசியமே கதவையும் சாத்திவிட்டுப் போகிறது என்று சொன்னால் மிகையில்லை.

சில கால்வாய்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் சங்கிலி கட்டிய அடைப்பான் தொங்குமே, அதுபோலப் புரதத்தின் ஒரு நுனி உருண்டையாகித் தொங்குகிறது. கதவு திறந்திருக்கும்போதே அது உட்புறமிருந்து துளையில் வந்து அடைத்துக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்தால் கால்கள் நடுங்கும் ஒருவகைப் பழ ஈயில் கிடைத்த கால்வாயில் 1990-இல் இதை உறுதி செய்தார்கள்.

இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வருவோம். அதிலிருந்தது இந்தியச் செந்தேள். 1798-இல் பப்ரீசியஸ் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் அதற்கு இட்ட சிறப்புப் பெயர் 'டாமுலஸ்'. தமிழ் என்ற சொல்லின் இலத்தீன் உருவம் அதில் ஒலிக்கிறது. நம் மொழியின் பெயரைச் சுமந்த பிராணி இதுவா என்று வருந்தியவர்களும் எங்களில் உண்டு. அதன் நஞ்சு பல சிறு புரதங்களின் கலவை. சில, சோடியம் கால்வாயை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில, பொட்டாசியம் கால்வாயை அடைக்கின்றன. முன்னவை மணியை ஓயாமல் அடிக்கின்றன. பின்னவை அதன் நாக்கைப் பிடிக்கவிடாமல் தடுக்கின்றன.

1990-இல் இதன் நஞ்சிலிருந்து 37 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 'ஐபீரியோடாக்சின்' என்பது பெயர். ஒலி ஸ்பெயின் நாட்டை நினைவூட்டினாலும் தேள் நம்முடையதே! கால்சியத்தால் திறக்கும் பெரிய பொட்டாசியம் கால்வாயை மட்டும் தேடிப் பிடித்து அடைப்பது அது. அதனாலேயே உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் அந்தக் கால்வாயை இனங்காணப் பயன்படுகிறது. இதே தேளிலிருந்து 'டாமாபின்' என்று இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. இவ்வகை நஞ்சு எப்படி அடைக்கிறது என்பதை மத்தியக் கிழக்குத் தேள் ஒன்றின் நஞ்சை வைத்து மெக்கின்னன் குழு 2013-இல் படமாகவே காட்டியது. நஞ்சுப் புரதம் வெளிப்புறமிருந்து கால்வாயின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்து, நேர்மின் கொண்ட தன் ஒரு கிளையைப் பொட்டாசியம் நிற்கவேண்டிய துளைக்குள் நீட்டுகிறது. பூட்டின் சாவித் துவாரத்தில் தீக்குச்சியைச் செருகிவிட்டு ஓடும் குறும்புக்காரனை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வேலைதான்.

இத்தகைய தீக்குச்சியைக் கொண்டுதான் 1991-இல் அதே மெக்கின்னன், கால்வாய் நான்கு துண்டுகளால் ஆனது என்று எண்ணிச் சொன்னார். நஞ்சு பிடிக்கும் துண்டுகளையும் பிடிக்காத துண்டுகளையும் கலந்து கால்வாய்களைச் செய்து, எத்தனை பங்கு அடைபடுகிறது என்று கணக்கிட்டார். வடிவத்தைப் படம் பிடிக்க ஏழு ஆண்டு இருக்கும்போதே விடை வந்துவிட்டது.

சிறுமியின் பாதம் ஏன் குளிர்ந்தது என்பதும் இனி விளங்கும். நிற்காமல் ஒலிக்கும் நரம்புகள் அட்ரினலின் போன்ற பொருள்களை இரத்தத்தில் கொட்டித் தீர்க்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கைகால்களுக்குச் சூடான இரத்தம் போவதில்லை, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயம் திணறுகிறது, முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. உயிரைக் குடிப்பது இந்தக் கடைசிக் கட்டம். மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கரையோரம் மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிய கிராமத்து மக்களை இரவெல்லாம் பக்கத்தில் இருந்து கவனித்துக் குறித்துவைத்தார். சுருங்கிய குழாய்களைத் தளர்த்தினால் பிழைப்பார்கள் என்று ஊகித்து, இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 1986-இல் லண்டனின் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. அதற்கு முன் கடுமையாக விஷம் ஏறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அதன்பின் அது ஒன்றிரண்டாகக் குறைந்தது. 2011-இல் பாவஸ்கர் தம்பதியர், விஷமுறிவு ஊசியையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் குணமாகிறது என்று காட்டினார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிறுமிக்கு அன்று கொடுத்தது அந்த மாத்திரையே. குழாய்கள் தளரும்போது எழுந்து நின்றால் அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரும். நடக்கவிடக்கூடாது என்றதும் அதனால்தான்.

நம் பகுதியில் தேளுக்குப் பஞ்சமில்லை. பல்லாவரம், திருசூலம், வண்டலூர்ப் பக்கமெல்லாம் பாறையும் கல்லிடுக்குமாக இருக்கின்றன. மழை பெய்தால் பொந்தில் நீர் புகுந்து அவை வீட்டுக்குள் வரும். கையகலம் இருக்கும் கரிய நட்டுவாக்காலியைக் கண்டு அலறுகிறோம். பார்வைக்குப் பயங்கரமானாலும் அதன் விஷம் பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். தடித்த கொடுக்கு இருப்பதற்கு விஷம் குறைவு, மெலிந்த கொடுக்கு இருப்பதற்கு விஷம் மிகுதி என்று பொதுவாகச் சொல்லலாம். எதுவானாலும் கொட்டுப்பட்டது குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கையை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடவேண்டும். வலி மட்டும் இருப்பதைவிட, வாந்தியும் வியர்வையும் குளிர்ந்த கைகாலும் ஆபத்தான அறிகுறிகள். வலி குறைந்துவிட்டதே என்று ஏமாறக்கூடாது.

மூன்றாம் நாள் சிறுமி வீடு திரும்பினாள். மட்டைக் குவியலைச் சுவரோரத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு, உயிரியல் ஆசிரியை புற ஊதா ஒளி தரும் ஒரு டார்ச்சைக் கொண்டுவந்தார்; தேளின் ஓடு அந்த ஒளியில் பச்சையாக ஒளிரும். காலில் ஷூவும் கையில் நீண்ட குச்சியுமாகப் பின்சுவர் வரை நடந்தோம். சுவரின் அடியில் ஒன்று, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்று, மூன்றாவது பழைய கிணற்று விளிம்பில். அதன் முதுகில் வெள்ளை வெளேரென்று குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எங்களுடன் வந்திருந்த சிறுமி, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, அதை நெடுநேரம் பார்த்தாள். "அதுக்கும் கால் சில்லுனு இருக்குமா அக்கா?" என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.